கடித்ததை விட்டுவிடும் பாம்பு

பாம்புக்கு எலி போடுவதுதான் அங்கே உன் வேலை என்று ஊரில் யாராவது சொல்லியிருந்தால் நான் விமானமே ஏறியிருக்க மாட்டேன். நான் போனது அபுதாபி முசஃபாவில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு. இரும்புக் குழாய்களைத் தூக்கிக் கொடுக்கிற வேலை. ஊருக்குப் பேச கார்டு வாங்கி, நகத்தால் சுரண்டி நம்பர் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. பட்டறையை மூடியபோது, அதன் முதலாளி எங்களில் இரண்டு பேரைத் தன் உறவுக்காரரான ஓர் அரபியின் மஸ்ராவுக்கு அனுப்பிவிட்டார். மஸ்ரா என்றால் பேரீச்சந்தோட்டம். அபுதாபியிலிருந்து உள்ளே வெகுதூரம். சுற்றிலும் மணல். நடுவில் ஒரு பச்சைச் சதுரம்.

என்னோடு வந்தவன் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். என்னைவிடப் பல வயது இளையவன். கல்யாணமாகி, மனைவி மாசமாக இருந்தாள். வாய் ஓயாமல் பேசுவான். நான் அதற்கு நேரெதிர். நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனாலேயே அவன் பேச, நான் கேட்க, எங்கள் ரூமில் பொழுது போனது.

மஸ்ராவின் ஓரத்தில் ஏசி போட்ட ஒரு நீள ஷெட் இருந்தது. அந்த அரபி முதலாளியின் மகன் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர். அங்கிருந்து பாம்புகளைக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருந்தார். முதல் வாரம் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, இந்தியில், "இதில் யார் குறைவாகப் பேசுவது?" என்று கேட்டார். எல்லா விரல்களும் என்னைக் காட்டின. எங்களை மேற்பார்த்த பெஷாவர்க்காரர், நாங்கள் பாய் என்று கூப்பிடுகிறவர், "இவன் ஊமைதான், கூட்டிக்கிட்டுப் போங்க" என்று சிரித்தார். அப்படித்தான் எனக்கு அந்த வேலை வந்தது.

எல்லாமே வாலில் கிலுகிலுப்பை உள்ள விரியன்கள். நான் பெட்டிப் பக்கம் போனாலே, காய்ந்த நெற்றைக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். முதல் மாதம் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு மூத்திரம் முட்டும். பிறகு பழகிவிட்டது. பழகாமல் போனது வேறொன்று.

எலியை நீள இடுக்கியில் பிடித்து உள்ளே விடவேண்டும். ஊரில் பாம்பு எலி பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். சாரை கவ்வினால் விடாது. இது அப்படியில்லை. கண் இமைப்பதற்குள் ஒரு கொத்து. அவ்வளவுதான். உடனே விட்டுவிடும். எலி துள்ளி ஓடிப் பெட்டியின் மறுகோடிக்குப் போய்விடும். பாம்பு அசையாது. ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

தப்பித்துவிட்டோம் என்று எலி நினைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. மூலையில் உட்கார்ந்து இரண்டு முன்காலாலும் முகத்தைத் துடைத்துக்கொள்ளும். மீசையை நீவிவிடும். சில எலிகள் கீழே கிடக்கிற தானியத்தைக்கூட எடுத்துக் கொறிக்கும். எனக்கு அதைப் பார்க்கத்தான் முடியாது. பிறகு பின்கால் இழுக்கும். சாயும்.

அதற்கப்புறம் பாம்பு கிளம்பும். அவசரமே இருக்காது. நாக்கை நீட்டி நீட்டித் தரையைத் தொட்டு, எலி ஓடின வழியிலேயே, அது எங்கே வளைந்ததோ அங்கே தானும் வளைந்து, போய்ச் சேரும். தலையைத் தேடிக் கண்டுபிடித்து விழுங்க ஆரம்பிக்கும்.

"கண்ணால் பார்த்துப் போகிறதா?" என்று ஒருநாள் துணிந்து முதலாளி மகனிடம் கேட்டேன். அவர் பாம்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் மலருகிற ஆள். செத்த எலிகள் இரண்டை எடுத்தார். ஒன்று சற்றுமுன் அந்தப் பாம்பே கொத்தியது. இன்னொன்று கொத்தாதது. இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே அளவு. பெட்டிக்குள் தள்ளித் தள்ளி வைத்தார். பாம்பு இரண்டையும் நாக்கால் தொட்டது. கொத்தாததை விட்டுவிட்டுத் தன் எலியிடம் போய்விட்டது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கொத்தும்போது உள்ளே போகிற விஷம் கொல்வதற்கு மட்டுமில்லை. அதில் உள்ள ஏதோ ஒன்று அந்த எலியின் வாசனையையே மாற்றிவிடுகிறது. பாம்பின் நாக்கு தரையில் இருப்பதை ஒற்றி எடுத்து வாய்க்குள் கொண்டுபோகும். மேலண்ணத்தில் அதற்கென்று இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. அங்கேதான் வாசனை தெரியும். "எலி எங்கே வேண்டுமானாலும் ஓடட்டும். இது விட்டது எலி தப்பிக்க இல்லை. எலி தன்னைத் திருப்பிக் கடிக்காமல் இருக்கத்தான். பிறகு தேடிக்கொள்ளலாம் என்று இதற்குத் தெரியும்" என்றார்.

அதை நான் ரூமில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. புதுக்கோட்டைக்காரன் வெள்ளிக்கிழமைகளில் ஷெட்டுக்கு வந்து வேடிக்கை பார்க்கிறவன். ஏசிக்காக வருகிறேன் என்பான். முதலாளி மகன் அந்த இரண்டு எலிகளை வைத்துக் காட்டியபோதும் என் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

"பாத்தீங்களாண்ணே, விசா குடுத்த நம்ம கஃபீல் மாதிரிதான். போடா போன்னு விட்டுருவான். எங்க போவோம், பாஸ்போர்ட்டு அவன்கிட்டல்ல இருக்கு" என்றான். நான் சிரித்தேன். பேரீச்சங்குலை வெட்டுகிற நாட்களில் அந்த எலி நடிப்பை எல்லோருக்கும் செய்து காட்டுவான். முகத்தைத் துடைத்து, மீசையை முறுக்கி, பொத்தென்று விழுவான். பாய்கூடச் சிரிப்பார்.

அவனைப் பாம்பு கடித்தது காலை வேளையில். வெட்டிப் போட்ட மட்டைகளை அள்ளி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு மட்டைக்கு அடியில் சுருண்டு கிடந்திருக்கிறது. கணுக்காலில், சாக்ஸையும் துளைத்துப் பட்டது. அவன் "ஆத்தா" என்று கத்திக்கொண்டே கையிலிருந்த மண்வெட்டியால் அடித்தான். அடி முதுகில் பட்டதை நானும் பார்த்தேன். ஆனால் சாகவில்லை. உடம்பைப் பக்கவாட்டில் வீசி வீசி, மணலில் வழுக்கிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவனுக்கும் தெரிந்தது. நம் ஊர்ச் சுருட்டை விரியன்.

"இதுக்கும் விசா குடுத்துட்டாய்ங்களாண்ணே" என்றான்.

பாய் பிக்கப்பை எடுத்தார். அந்த மனிதர் அன்று ஓட்டியது போல யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. பின்னால் அவன் தலை என் மடியில் இருந்தது. வழியிலேயே பல் ஈறில் இரத்தம் கசிந்தது. அவன் அதைப் பார்க்காமல் இருக்க என் துண்டால் துடைத்துத் துடைத்து மடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். தொடைவரை கருத்து வீங்கிய கால் மெல்ல மெல்ல வற்றியது. சில நாளில் நொண்டிக்கொண்டு ரூமுக்கு வந்துவிட்டான். நாங்கள் அன்றைக்குக் கோழி வாங்கிப் பிரியாணி போட்டோம். அவன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கதவைப் பார்த்தான்.

"அண்ணே, அது சாகலைல்ல?"

"எங்கயாச்சும் போயிச் செத்திருக்கும்ப்பா. நல்ல அடி."

"அடிச்சுட்டு உசுரோட விட்டா வரும்ணே. எங்க பக்கத்துல சொல்லுவாங்க. உங்க பக்கத்துலயும் சொல்லுவாங்கதானே?"

சொல்லுவார்கள். எங்கள் பக்கத்திலும் அடிபட்ட பாம்பைத் தேடிப்பிடித்துக் கொல்லாமல் யாரும் தூங்கமாட்டார்கள். ஆனால் அவன் அதோடு நிறுத்தவில்லை.

"அது கத. ஆனா நம்ம கண்ணால பாத்தோமே. எந்த எலியக் கொத்துச்சோ அத மட்டும் தேடிப் போச்சே. எனக்குள்ள இப்ப அது வாசம் இருக்குல்ல?"

நான் பேசத் தெரியாத ஆள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

மறுநாளிலிருந்து அவன் தன் காலடியை அழிக்க ஆரம்பித்தான். ஒரு பேரீச்சமட்டையைக் கயிற்றில் கட்டி இடுப்பில் சுற்றிக்கொண்டு நடப்பான். மட்டை அவன் பின்னால் சரசரவென்று இழுபட்டு மணலை நீவிவிடும். கழிவறைக்குப் போனாலும் அப்படித்தான். ரூமுக்குள் வருமுன் குழாயடியில் காலைக் கழுவுவான். மறுபடி கழுவுவான். கடித்த இடத்தைச் சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்து, ஆறிய தோல் மறுபடி புண்ணானது. படுத்தால் தூங்கமாட்டான். பேச்சு நின்றுவிட்டது. அவன் பேசாமல் இருந்தபோதுதான் எங்கள் ரூம் எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் சாயங்காலம் கடைக்குப் போன வண்டியில் ஒரு பால் டப்பா வாங்கி வரச் சொன்னான். மாதக்கணக்கில் கெடாத, மாடு படம் போட்ட டப்பா.

"புத்துல ஊத்தணும்ணே. இங்க புத்து எங்க இருக்கு?"

பாலைவனத்தில் புற்றுக்கு எங்கே போவது? கடைசியில் வேலி ஓரத்தில் இருந்த ஓர் உடும்பு வளையில் ஊற்றினான். கையெடுத்துக் கும்பிட்டான். பால் ஊற்றிய வேகத்தில் மணல் குடித்துவிட்டது. உள்ளேயிருந்து உடும்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. முன்பென்றால் அவன் அதை வைத்து ஒரு வாரம் சிரிக்க வைத்திருப்பான். அன்று, "ஏத்துக்கிருச்சா, இல்லையாண்ணே?" என்று கேட்டான்.

கடித்த பாம்பு ஆளைத் தேடி வருமா என்று நான் முதலாளி மகனிடம் போய்க் கேட்டேன். நானாக ஒரு காரியத்துக்காக அவரிடம் போய் நின்றது அது ஒருமுறைதான். அவர் சிரிக்கவில்லை. "மனிதன் அதற்குச் சாப்பாடு இல்லை. சாப்பிடக் கொத்தினால்தான் தேடும். உன் ஆளைப் பயத்தில் கொத்தியது. அதற்கு இவனைவிட்டு ஓடினால் போதும்" என்றார். வார்த்தை பிசகாமல் வந்து அவனிடம் சொன்னேன்.

அவன் யோசித்தான். பிறகு தகரப் பெட்டியிலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்தான். அன்று போட்டிருந்த சாக்ஸ். கடிபட்ட இடத்தில் கறை காய்ந்திருந்தது.

"அப்ப இத உங்க பாம்பு பெட்டியில போட்டுப் பாப்போம். கண்டுக்காம விட்டுச்சுன்னா நான் நம்புறேன்."

"அது அமெரிக்கப் பாம்புப்பா. கடிச்சது வேற."

"வெசம் வெசந்தானண்ணே."

கண்டுகொள்ளாது என்றுதான் நானும் நினைத்தேன். சாக்ஸில் என்ன இருக்கிறது, துணிதானே. மத்தியானம் எல்லோரும் படுத்திருந்த நேரத்தில் இரண்டு பேரும் ஷெட்டுக்குப் போனோம். இடுக்கியில் சாக்ஸைப் பிடித்து, இருந்ததிலேயே மிகவும் சோம்பேறியான பாம்பின் முன்னால் போட்டேன். இரை தின்று இரண்டு நாள்கூட ஆகாத பாம்பு அது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அவன் மூச்சை விட்டான். அப்போது பாம்பு தலையைத் தூக்கியது. நாக்கு வெளியே வந்தது. மெல்ல நகர்ந்து வந்து, சாக்ஸின் விரல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, அந்தத் துணி முழுவதும் நாக்கால் தொட்டுக்கொண்டே போனது. கணுக்கால் இடம் வந்ததும் நின்றது. அந்தக் கறைமேல் நாக்கு போய்ப் போய் வந்தது. கிலுகிலுப்பைகூட ஆட்டவில்லை. அதன்மேல் தாடையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டது.

"புது வாசன, அதான் பாக்குது. வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

அவன் தன் காலைக் குனிந்து பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். நான் திரும்பிக்கொண்டேன். எனக்கு அந்த எலிகளைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை.

அதற்கப்புறம் அவன் தரையில் கால் வைப்பதே குறைந்தது. கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்வான். வேலைக்குக் கூப்பிட்டால் காலைக் காட்டுவான். பாய் சில நாள் பொறுத்தார். கெட்டவர் இல்லை அவர். ஒருநாள் ரூம் வாசலில் நின்று என்னிடம் இந்தியில் சொன்னார்.

"கால் ஆறிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். இவனுக்கு நோய் தலையில. வெள்ளிக்கிழமைக்குள்ள மரத்துக்கிட்ட வந்து நிக்கணும். இல்லேன்னா கலாஸ், முடிஞ்சது, ஊருக்கு டிக்கெட் போட்டுருவேன். இங்கேயே இவன் பைத்தியமாகி, நாளைக்கு ரோட்டுப் பக்கம் ஓடிப் போனா யார் பதில் சொல்றது?"

உள்ளேயிருந்து அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "அனுப்பட்டும்ணே" என்றான் என்னிடம். "ஆனா அங்க மட்டும் என்ன? இறங்குன எடத்துலேர்ந்து வீடு வரைக்கும் நடக்கணும்ல. அது எங்கெங்க வருமோ. பொறக்கப்போற பிள்ளையத் தொட்டுத் தூக்கலாமா நான்? இந்த வாசம் அதுக்கும் ஒட்டிக்கிருமா?"

வேலை போனால் போகட்டும். இந்த நிலைமையில் இவனை அனுப்பினால் அந்தப் பெண் என்ன செய்வாள்? அவன் கால் மறுபடி தரையில் பதியவேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் அதற்கு என்ன சொல்வது, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் பல் விளக்க வெளியே வந்தேன். முந்தின நாள் சாயங்காலம் காற்று அடித்து மணல் புதிதாக, சுத்தமாகக் கிடந்தது. குழாயடிக்குப் போகும்போது பார்த்தேன்.

வேலிப் பக்கத்திலிருந்து கோடுகள். ஒன்றோடொன்று சேராத கோடுகள். சாய்வாக, அடுத்தடுத்து, ஒவ்வொன்றின் முனையும் கொக்கி மாதிரி வளைந்து. சுருட்டை போன தடம் வேறெதையும் போல இருக்காது. நேராகக் குழாயடிக்கு வந்திருந்தது. அவன் கால் கழுவுகிற ஈரமண்ணில் கொஞ்சம் குழம்பிக் கிடந்தது. அங்கிருந்து எங்கள் ரூமை நோக்கிப் போனது.

எங்கள் ரூம் தகர கேபின். தரையில் ஒட்டாமல் சிமெண்டுக் கல்லுகளின்மேல் தூக்கி வைத்திருப்பார்கள். கீழே ஒரு சாண் இருட்டு இருக்கும். கோடுகள் அந்த இருட்டுக்குள் போயிருந்தன. எந்த இடத்தில் என்றால், உள்ளே அவன் கட்டில் போட்டிருக்கிற சுவருக்குச் சரியாக வெளியே.

வாயில் பேஸ்ட் நுரையோடு நான் நின்றேன். தண்ணீருக்கு வந்திருக்கும். எலிக்கு வந்திருக்கும். அது வேறொரு பாம்பாகவும் இருக்கும், அந்த மணலில் எத்தனையோ. இதையெல்லாம் இப்போது எழுதும்போது நினைக்கிறேன். அப்போது எதையும் நினைக்கவில்லை. உள்ளே அவன் கட்டில் கிறீச்சிட்டது. எழுந்துவிட்டான். கதவோரம் அவனுடைய மட்டை சாய்ந்திருந்தது. அதை எடுத்து வேகவேகமாக அந்தக் கோடுகளைக் கூட்டி அழித்தேன். கேபின் ஓரத்திலிருந்து குழாயடிவரை அழித்து, வேலியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"அண்ணே?"

நான் மட்டையோடு அப்படியே நின்றேன். என் காலடியில் நான் கூட்டிய வரிவரியான மணல். வாயோரம் நுரை. அவன் என்னையும் மட்டையையும் மணலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னண்ணே, உங்க தடத்தக் கூட்டுறீங்களா?"

இல்லை என்றால் பிறகு எதை என்று கேட்பான். எனக்குப் பொய் சொல்ல வராது. வேகமாக யோசிக்கவும் வராது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவன் முகத்தில் என்னவோ நடந்தது. வாய் கோணியது. அழப்போகிறான் என்று நினைத்தேன். சிரித்தான். படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"உங்களையும் புடிச்சிருச்சா! போச்சுடா. பாம்புக்குச் சோறு போடுற மனுசன். கடிபட்டவன் நான். கூட்டுறது நீங்களா?"

"பயமா இருக்குப்பா" என்றேன். அது பொய்யில்லை.

"எத்தன நாளாண்ணே?"

"கொஞ்ச நாளா."

"சொல்லவேண்டியதுதானே. நாம்பாட்டுக்கு நான் ஒருத்தன்தான்னு..." அவன் எழுந்தான். வெறுங்காலோடு படியிறங்கி மணலில் நின்றான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் பாதம் மணலில் முழுதாகப் பதிந்ததைப் பார்த்தேன். கிட்டே வந்து என் கையிலிருந்த மட்டையைப் பிடுங்கினான். "தள்ளுங்க, மொகத்தக் கழுவுங்க மொதல்ல. பாய் பாத்தா உங்களுக்கும் சேத்து டிக்கெட் போட்டுருவாரு. ரெண்டு பைத்தியத்த ஒரே விமானத்துல ஏத்துவாரு."

அன்று அவன் வேலைக்கு வந்தான். என் முன்னால் நடந்தான். மட்டை அள்ளும் இடத்தில், "நீங்க தள்ளி நில்லுங்கண்ணே" என்று சொல்லி, கம்பால் ஒவ்வொரு மட்டையையும் தட்டிவிட்டு அவனே அள்ளினான். வேலியோரம் நான் அழிக்காமல் விட்ட கொஞ்சத் தடத்தை மத்தியானக் காற்று எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை பாய் வந்து பார்த்துவிட்டு, "மாஷா அல்லா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தடம் உள்ளே போனது எனக்குத் தெரியும். வெளியே வந்ததா என்று தெரியாது. வெளியே வந்த கோடும் அந்தக் கோடுகளோடு கலந்து கிடந்திருக்கலாம். நான்தான் எல்லாவற்றையும் கூட்டிவிட்டேனே.

அன்று சாயங்காலமே கட்டிலை மாற்றிக்கொள்ளலாமா என்று அவனிடம் கேட்டேன். ஜன்னல் காற்று எனக்கு வேண்டும் என்றேன்.

"வாசப்பக்கம் படுக்கப் பயமாக்கும். சரி, வாங்க இந்தப் பக்கம். வந்தா என்னையத் தாண்டித்தான வரணும்" என்று சந்தோஷமாகத் தன் படுக்கையைச் சுருட்டினான்.

அவன் தூங்க ஆரம்பித்தான். குறட்டைகூட விட்டான். கொஞ்ச நாளில் மகள் பிறந்த சேதி வந்தது. கார்டு தீரும்வரை பேசினான். லீவில் போய்த் தூக்கிக் கொஞ்சிவிட்டு வந்தான். நான் பாம்புக்குப் பயந்து தடம் கூட்டிய கதையை நடித்துக் காட்டாத ஆள் மஸ்ராவில் இல்லை. என் வாய் நுரையைக்கூட நடிப்பான். நானும் கூடவே சிரிப்பேன்.

நான் அவனுடைய பழைய கட்டிலில், அந்தச் சுவரோரம், விசா முடியும்வரை படுத்தேன். பகலில் ஷெட்டில் எலிகள் மூலையில் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருக்கும். ரூமுக்கு வந்து படுத்தால் பலகைக்குக் கீழே அந்த ஒரு சாண் இருட்டு. டார்ச் லைட் என் தலைமாட்டிலேயேதான் இருந்தது. காலையில் வெளியே போய்க் குனிந்து ஒருமுறை அடித்துப் பார்த்திருந்தால் போதும். ஒன்றும் இல்லை என்று தெரிந்திருக்கும். ஒருவேளை வேறேதாவது தெரிந்திருக்கும். தெரிந்தால் அவன் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். நான் குனியவில்லை.